தலைக்கு வந்தது ரத்தத்தில் தெரியுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தலையில் அடிபடுவது பற்றியே. ‘ஸ்கேனே வேண்டாம், ரத்தம் எடுத்தே மூளையில் அடியா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள்’ என்று யாரோ வாட்ஸ்அப்பில் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். திருச்சியும் ஸ்ரீரங்கமும் கிளப்பிய கேள்விகளே பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்தருள்க.

கே: தலையில் அடிபட்டால் ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுமாமே, நிஜமா?
— வாசகர், தில்லைநகர்

ப: பாதி நிஜம். முக்கொம்பில் நிற்கிறவருக்கு மேற்கே எந்தக் கரை உடைந்தது என்று தெரியாது. ஆனால் வெள்ளத்தில் கூரைக் கீற்றும் வாழைமரமும் மிதந்து வந்தால், எங்கோ எதுவோ உடைந்திருக்கிறது என்று புரிந்துவிடும். மூளை செல்கள் சிதைந்தால் அவற்றுக்குள் இருக்கும் சில புரதங்கள் அப்படித்தான் ரத்தத்தில் மிதந்து வருகின்றன. இப்போது முக்கியமாகத் தேடுவது இரண்டை. ஒன்று ஜி.எஃப்.ஏ.பி. நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் நட்சத்திர வடிவ செல்களின் சட்டகப் புரதம். இன்னொன்று யு.சி.எச்.-எல்1. இது நரம்பு செல்லுக்குள்ளேயே குடியிருப்பது.

இந்த இரண்டையும் அளக்கும் சோதனைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018 பிப்ரவரியில் முதல் அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வில் சுமார் 2,000 பேர். சி.டி. ஸ்கேனில் காயம் தெரிந்தவர்களில் 100க்கு 97 பேரை ரத்தமும் காட்டிக்கொடுத்தது. முதலில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து லேபுக்கு அனுப்பவேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அனுமதி பெற்ற கருவி கையடக்கமானது; ஊசியில் எடுத்த ரத்தத்தை அப்படியே விட்டால் 15 நிமிடத்தில் விடை.

மீதிப் பாதி என்னவென்றால், அடி எவ்வளவு பலம் என்று முள் காட்டுகிற மீட்டர் இது அல்ல. 18 வயதுக்கு மேற்பட்ட, நினைவோடு இருக்கிற, லேசாக அடிபட்ட ஒருவரைப் பார்த்து ‘உனக்கு ஸ்கேன் வேண்டாம், வீட்டுக்குப் போ’ என்று டாக்டர் தைரியமாகச் சொல்வதற்கான சோதனை. நினைவு தப்பிக் கிடப்பவருக்கு ரத்தம் எடுத்துக் காத்திருந்தால் அது சிகிச்சை இல்லை, கொலை.

கே: ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் மூளையில் ரத்தக்கசிவு உறுதிதானே?
— கல்லூரி மாணவி, புத்தூர்

ப: இல்லை. ‘போய் ஸ்கேன் எடு’ என்று அர்த்தம், அவ்வளவுதான். ஸ்கேனில் ஒன்றுமே இல்லாதவர்களிலும் பத்துக்கு ஆறு பேரளவில் பாசிட்டிவ் வருகிறது. வயதானவர்களுக்கு ஜி.எஃப்.ஏ.பி. எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ‘இல்லை’ என்றால் நம்பலாம், ‘உண்டு’ என்றால் விசாரிக்க வேண்டும். தேர்தல் வாக்குறுதிகளில் நமக்குப் பழகிய விஷயம்தான்.

கே: பைக்கில் விழுந்த என் தம்பியிடம் டாக்டர் பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டுவிட்டுச் சீட்டில் ‘14’ என்று எழுதினார். அதென்ன மார்க்?
— வாசகர், பாலக்கரை

ப: கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜெனட்டும் 1974இல் வகுத்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் ஆபத்து. பூஜ்யம் கிடையாது. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு. செத்தவனுக்கும் மூன்று மார்க் போடுகிற கருணையுள்ள பரீட்சை உலகத்தில் இது ஒன்றுதான். உங்கள் தம்பி கிழமையைத் தப்பாகச் சொல்லி ஒரு மார்க்கைக் கோட்டைவிட்டிருப்பார். நீண்ட லீவில் எனக்கும் கிழமை குழம்பும். ஆனால் அடிபட்டவர் குழம்பினால் டாக்டர் சிரிக்கமாட்டார். இரண்டு மணி நேரம் கழித்தும் 15 வரவில்லை என்றால் ஸ்கேன் எடு என்பது பல நாடுகளிலும் கடைப்பிடிக்கிற கனடா நாட்டு விதி. இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தாலும், வயது 65 அல்லது அதற்கு மேல் என்றாலும் அதே விதிதான்.

ஐம்பது வருஷமாக இந்த மார்க்கை வைத்தே ஓட்டியாகிவிட்டது. 15 வாங்கியவர்களில் பலர் ஆறு மாதமாகியும் வேலைக்குப் போக முடியாமல் திண்டாடுகிறார்கள். ‘ஆபத்து’ பட்டியலில் இருந்த சிலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அதனால் 14 நாடுகளைச் சேர்ந்த 94 நிபுணர்கள் 2025 மே மாதம் ‘லான்செட் நியூராலஜி’யில் ஒரு புது ஏற்பாட்டை முன்வைத்திருக்கிறார்கள். மார்க்கோடு ரத்தப் புரதம், ஸ்கேன், அவரவர் வயது, குடும்பச் சூழல், பழைய நோய் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சரியாகத்தான் படுகிறது. நம் ஊர்க் கூட்டத்தில் ஒரு ட்யூட்டி டாக்டருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது வேறு கேள்வி.

கே: சவாரி ஏற்றிய ஒருவர் மூக்குமுட்டக் குடித்துவிட்டுப் படியில் உருண்டுவிட்டார். ‘போதை தெளிஞ்சா எழுந்துருவான்’ என்று விட்டுவிடலாமா?
— ஆட்டோ ஓட்டுநர், சத்திரம் பேருந்து நிலையம்

ப: விடாதீர்கள் அண்ணே. டாஸ்மாக் வாடை வந்தால் டாக்டரே சில சமயம் ஏமாந்துபோவார். மார்க் குறைந்தது பாட்டிலாலா மண்டையாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இந்த மாதிரி ஆள்களிடம்தான் ரத்தச் சோதனைக்கு உண்மையான வேலை இருக்கிறது. அது வரும்வரை ஸ்கேன்தான் கதி. நேராக ஜி.எச்.சுக்கு விடுங்கள்.

கே: எங்கள் தெருவில் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து எழுந்து டீ குடித்தார், எல்லாரிடமும் பேசினார். ராத்திரி இறந்துவிட்டார். எப்படி?
— வாசகி, திருவானைக்காவல்

ப: பொட்டுக்குப் பக்கத்தில், காதுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். மண்டை ஓடு மெலிந்த இடம் அது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழியும். எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். மூளைக்குள் அடி இல்லாததால் ஆள் தெளிவாகவே இருப்பார், டீ குடிப்பார், ‘எனக்கு ஒண்ணுமில்லப்பா’ என்பார். சேர்ந்த ரத்தம் மூளையை நெருக்க ஆரம்பித்ததும் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் அசத்தும், ஒரு பக்கக் கண்மணி மட்டும் விரியும். இந்தத் தெளிவான இடைவேளை சில மணி நேரம்தான். அதற்குள் எலும்பைத் திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்து எழுந்து பழைய வேலைக்கே போகிறார்கள். தலைக்காயத்தில் இவ்வளவு நல்ல பலன் தரும் ஆபரேஷன் வேறு குறைவு. ‘நன்றாகத்தானே பேசினார்’ என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாதா?
— வாசகர், பொன்மலை

ப: டாக்டர் பார்த்து அனுப்பியவர் தூங்கலாம். நடுவில் எழுப்பிப் பெயரைக் கேளுங்கள். திட்டினால் நல்லது. உளறினாலோ எழுந்திருக்கவே இல்லை என்றாலோ ஆம்புலன்ஸ்.

கே: மாமனாருக்கு 76 வயது. தை அமாவாசைக்கு அம்மா மண்டபப் படித்துறையில் வழுக்கிப் பின்மண்டையில் லேசாக இடித்துக்கொண்டார். அன்றைக்கு ஒன்றுமில்லை. இரண்டு மாதமாகிறது, இப்போது நடை தள்ளாடுகிறது, பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார். ‘வயசாயிடுத்து’ என்கிறார் மாமியார். ரத்தப் பரிசோதனை பண்ணலாமா?
— மருமகள், கீழச் சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்

ப: அம்மா, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்குகிறது. அதனால் மூளைக்கும் மேலுறைக்கும் நடுவே பாலம்போல் ஓடும் சிறு ரத்தக் குழாய்கள், அதாவது சிரைகள், இழுபட்டு நிற்கும். லேசான குலுக்கலே ஒன்றை அறுத்துவிடும். ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து வாரக்கணக்கில் தேங்கும். இதய நோய்க்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமைக்கான மற்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வீட்டில் அதை மறதி நோய் என்றோ வயசு என்றோ நினைத்து வெந்நீரும் விபூதியும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் திருமண்ணும் துளசித் தீர்த்தமும். ஸ்கேன் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இருந்தால், மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு வடித்துவிடுவார்கள். மறுவாரமே பேரன் பெயரைச் சரியாகச் சொல்கிறவர்கள் உண்டு.

ரத்தப் பரிசோதனை இங்கே உதவாது. அடிபட்ட 8 மணி நேரத்தை ஒட்டி யு.சி.எச்.-எல்1 உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. ஜி.எஃப்.ஏ.பி. உச்சம் தொடுவது 20 மணி நேரத்தை ஒட்டி. மூன்று நாளில் அதுவும் வடிகிறது. இரண்டு மாதம் கழித்துத் தேடினால் காவிரியில் போன வெள்ளத்தை இன்றைக்குத் தேடுவதுதான். கருவிக்கான அனுமதியே 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்துக்கு மட்டும். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வயசாவது ஒரே மாதத்தில் நடக்காது.

கே: ஸ்வீடனில் இருக்கும் என் மகன் பனியில் சறுக்கி விழுந்தான். ஸ்கேன் எடுக்காமல் ரத்தம் மட்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வெள்ளைக்காரன் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணலாமா?
— தாயார், மேல உத்திர வீதி, ஸ்ரீரங்கம்

ப: கஞ்சத்தனம் இல்லை, விதிமுறை. அங்கே எஸ்100பி என்ற வேறொரு புரதத்தைப் பார்க்கிறார்கள். அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் குறிப்பிட்ட லேசான காயங்களுக்கு ஸ்கேன் வேண்டாம் என்று ஸ்காண்டிநேவிய நாடுகளின் நரம்புக்காயக் குழு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஒரு தலை ஸ்கேனின் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட், இயற்கையாகவே நாம் ஒரு வருஷத்தில் வாங்கிக்கொள்வதற்குக் கொஞ்சம் குறைவு. இளவயதுக்காரருக்கு மிச்சப்படுத்தினால் நல்லதுதானே.

ஆனால் எஸ்100பிக்கு ஒரு குறை. அது மூளையில் மட்டும் இல்லை. கொழுப்பிலும், குருத்தெலும்பிலும், தோலின் நிறமி செல்களிலும் இருக்கிறது. கால் எலும்பு முறிந்தாலே ஏறிவிடும். கறுத்த தோலுள்ளவர்களுக்கு அடிபடாமலே கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐரோப்பாவில் கிழித்த கோடு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மகன் சாப்பிட்டானா என்று கேட்டீர்களா?

கே: ஆடிப்பெருக்கை ஒட்டி மேட்டு மகாதானபுரம் மகாலட்சுமி கோயிலில் பக்தர்கள் தலையில் தேங்காய் உடைக்கிறார்களே, அவர்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால் என்ன வரும்?
— வாசகர், முசிறி

ப: வம்பு வரும். நேர்த்திக்கடன் பற்றி நான் வாய் திறப்பதில்லை. உடம்பு பற்றி மட்டும் சொல்கிறேன். தலைத்தோலில் ரத்தக் குழாய்கள் நிறைய இருப்பதால் சின்னக் கிழிசலுக்கே ரத்தம் முகமெல்லாம் வழியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் தையல் போட்டால் நின்றுவிடும். பயப்பட வேண்டியது ரத்தமே வராமல் எழுந்து போய் மரத்தடியில் உட்கார்ந்து, வீட்டுக்கு எந்த வழி என்று கேட்கிறவரைப் பார்த்து. அங்கே பக்கத்திலேயே ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக நிற்பது அம்மன் அருளில் சேர்த்தி.

கே: 2020இல் கான்பெராவில் ஜடேஜாவுக்குத் தலையில் பந்து பட்டதும் சாஹலை இறக்கினோமே, அது போங்காட்டம் இல்லையா?
— கிரிக்கெட் வெறியர், உறையூர்

ப: ஆஸ்திரேலியாக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள், சாஹல் 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனதால் கொஞ்சம் உரக்கவே. அதே ஆட்டத்தில் அறிமுகமான நம் சேலத்து நடராஜனும் 3 எடுத்தார் என்பது கூடுதல் எரிச்சல். தலையில் அடிபட்டவருக்கு மாற்றாள் என்ற விதி 2019 ஆகஸ்டில் வந்தது. அறிகுறிகள் தாமதமாக வரலாம் என்பதால் ஓவர் முடித்து உள்ளே போனவரையும் மாற்றலாம். மைதானத்தில் ரத்தமெல்லாம் எடுப்பதில்லை. கேள்வி கேட்டு, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லித்தான் முடிவு.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1962இல் பார்படாஸில் சார்லி க்ரிஃபித் வீசிய பந்து இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. ஹெல்மெட் இல்லாத காலம். ஸ்கேனும் இல்லை, அது 1971இல்தான் லண்டனில் முதல் நோயாளியைப் பார்த்தது. அது இல்லாமலேதான் டாக்டர்கள் மண்டையைத் திறந்தார்கள். ரத்தம் கொடுத்தவர்களில் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரலும் ஒருவர். ஊர் திரும்பியபின் மண்டையில் உலோகத் தகடு வைத்தது நம் வேலூர் சி.எம்.சி.யில், 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி. அந்தத் தகடு அறுபது வருஷம் தாக்குப்பிடித்து 2022இல்தான் வெளியே வந்தது. மனிதர் அதற்குப் பிறகு டெஸ்ட் ஆடவில்லை.

கே: எனக்கு ஸ்கேன் நார்மல். மூன்று மாதமாகத் தலைவலி, வெளிச்சம் கண்டால் கூச்சம், கணக்கு எழுதினால் கவனம் சிதறுகிறது. ‘ஸ்கேன்தான் நல்லாருக்கே, நடிக்காதே’ என்கிறார் முதலாளி.
— ஜவுளிக்கடைக் கணக்கர், பெரிய கடைவீதி

ப: முதலாளிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அமெரிக்காவின் டிராக்-டி.பி.ஐ. ஆய்வில் சி.டி. நார்மலாக இருந்த 450 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 120 பேருக்குக் காயம் தெரிந்தது. நாலில் ஒருவருக்கும் மேல்! அவர்களுடைய ரத்தத்தில் முதல் நாளே ஜி.எஃப்.ஏ.பி. கூடுதலாக இருந்திருக்கிறது. ரத்தம் சொன்னதை ஸ்கேன் சொல்லவில்லை. இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். அதே குழுவின் 2022 ஆய்வுப்படி, யார் பிழைப்பார், யார் படுத்த படுக்கையாவார் என்று இந்தப் புரதங்கள் ஓரளவு நன்றாகவே முன்கூட்டிச் சொல்கின்றன. ஆனால் ‘எழுந்து நடமாடுவார், முழுசாகத் தேறமாட்டார்’ என்கிற உங்களைப் போன்றவர்களைக் கண்டுபிடிப்பதில் அவை தேறவில்லை. நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு மெல்லச் சரியாகிறது.

கே: இந்த ஆராய்ச்சியில் நம்மவர் யாராவது உண்டா, அல்லது வழக்கம்போல் வேடிக்கைதானா?
— மாணவர், செயின்ட் ஜோசப் கல்லூரி

ப: உண்டு. ஐரோப்பாவில் சுமார் 4,500 நோயாளிகளைச் சேர்த்து நடந்த சென்டர்-டி.பி.ஐ. என்ற பெரும் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் கேம்பிரிட்ஜின் டேவிட் மேனன். மருத்துவம் படித்தது புதுச்சேரி ஜிப்மரில். ரத்தமே எடுக்காமல் ஒளிக்கதிரைத் தலையில் வைத்து ரத்தக்கசிவைக் கண்டுபிடிக்கும் ‘செரிபோ’ என்ற கையடக்கக் கருவி அகமதாபாத்தில் உருவானது. உங்கள் கல்லூரியில் படித்த ஸ்ரீரங்கத்துக்காரர் சுஜாதா, மூளையைப் பற்றித் ‘தலைமைச் செயலகம்’ என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த அத்தியாயத்தை எழுத நீங்கள் இருக்கிறீர்கள்.

கே: இந்தக் கருவி வந்தால் முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குத் தரவேண்டும் என்பீர்கள்?
— ஓய்வுபெற்ற செவிலியர், துறையூர்

ப: திருச்சி நகரத்துக்கு வேண்டவே வேண்டாம். இங்கே நாலு தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர். ஸ்கேனும் எடுத்து, ரத்தமும் எடுத்து, ‘தலைக்காயப் பேக்கேஜ்’ என்று ஒரு ரசீதைக் கிழிக்கத்தான் உதவும். பச்சைமலை அடிவாரத்திலும் கொல்லிடக் கரையிலும் ஸ்கேன் மெஷின் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு, லேசாக அடிபட்ட ஒருவரை ஐம்பது கிலோமீட்டர் அனுப்புவதா வேண்டாமா என்று தனியாக முடிவெடுக்கும் டாக்டர் கையில் இது இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் அந்த ராத்திரிகளை நிறையப் பார்த்திருப்பீர்கள்.

கே: ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுகிறதே?
— இளைஞர், எடமலைப்பட்டிப்புதூர்

ப: போடாவிட்டால் மொட்டையே அடித்துவிடுவார்கள், ஆபரேஷன் தியேட்டரில். 2022இல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர்; அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். சட்டம் பின்சீட்டுக்கும்தான். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை மாட்டாமல் கவிழ்த்துக்கொண்டு போவது போலீஸ்காரருக்கு வைக்கிற வணக்கம். விழும்போது தலைக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தடவை பலமாக அடிவாங்கியதை மறுபடி மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரே முறைதான் அமுங்கும்.

கே: மூளைச்சாவை இந்த ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யலாமா?
— வாசகர், காட்டூர்

ப: முடியாது. அதற்கு 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். மூச்சு தானாக வருகிறதா என்று பார்ப்பது அதில் முக்கியம்.

கே: நெடுஞ்சாலையில் அடிபட்டவரைத் தூக்கிப் போனால் பணம் யார் கட்டுவது? போலீஸ் கேஸில் நாம் மாட்டமாட்டோமா?
— வாசகர், சமயபுரம்

ப: கூப்பிட வேண்டியது 108. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிகளிலும் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். ஒரு லட்சம் ரூபாய் என்று தொடங்கிய வரம்பைப் பிறகு இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உதவியவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. விரும்பாதவரைப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

பெயரைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டை மட்டும் ஆம்புலன்ஸ்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு அடிபட்டது, நடுவில் நினைவு தப்பியதா. மார்க் போடுவதும், ஸ்கேனும், நாளைக்கு வரப்போகும் ரத்தப் பரிசோதனையும் அந்த மணிக்கணக்கை வைத்துத்தான்.